கழுத்தில் தொங்கிய டப்பா

மேலதிகாரி எத்தனை தடவை சிரிக்கிறார் என்று எண்ண ஆரம்பித்துவிட்டால் ஒரு உதவியாளன் உருப்பட்ட மாதிரிதான். வால் அந்தக் காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

காரின் முன்சீட்டில், துப்பறியும் நிறுவனம் நடத்துகிற மேடம் போன் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆறடி. அவனுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் டாக்டர் பட்டமும் இருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிற ஒருவன் இவ்வளவு உயரமாக, இவ்வளவு தலைமுடியோடு இருக்கவேண்டிய அவசியம் என்ன என்று வாலுக்கு விளங்கவில்லை. அதனால் மனசுக்குள் ஆறடி என்று பெயர் வைத்து ஓரளவு பழி தீர்த்துக்கொண்டான்.

"அப்படியா டாக்டர்? பிரமாதம்!" என்று மேடம் சிரித்தார்.

வாலுக்கு வயிறு எரிந்தது. பல வருஷமாக மேடத்தின் பின்னாலேயே அலைகிறவன் அவன். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் வால். வாய்த்துடுக்கும் அதற்கு ஒரு காரணம் என்று மேடம் சொல்வார். இத்தனை வருஷத்தில் அவன் கொண்டுவந்த எந்தத் துப்புக்கும் அவர் பிரமாதம் என்று சொன்னதில்லை. "ம்" என்பார். ரொம்ப நல்ல துப்பாக இருந்தால் "ம்ம்" என்பார்.

போனை வைத்ததும் வால் கேட்டான். "என்ன சொல்றார் உங்க பிரமாதம்?"

"உனக்கு எங்க எரியுது?"

"எனக்கா? வெயில் மேடம். ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன்ல."

"சரி, கேஸைச் சொல்லு. உன் வாயால கேட்டாத்தான் ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இது அவர்களுடைய பழக்கம். ஒரு வாசலில் இறங்குவதற்கு முன் வால் கதை சொல்லவேண்டும், மேடம் கண்ணை மூடிக் கேட்பார். இந்த வேலையையாவது ஆறடிக்குக் கொடுக்கவில்லையே என்ற நிம்மதியோடு வால் தொண்டையைச் செருமினான்.

"எதிர்ல இருக்கற லாண்டரியோட முதலாளிக்கு பைபாஸ் ஆப்பரேஷன் ஆச்சு. கால்லேர்ந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சுல ஒட்டுப் போட்டாங்க. அந்தப் புதுக் குழாய்ல ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு தினம் ஒரு ஆஸ்பிரின். ரத்தத்துல தட்டணுன்னு ஒரு கூட்டம் இருக்கு மேடம். புது இடம் கிடைச்சா வந்து ஒட்டிக்கும், அப்புறம் நகராது. சில பேர் மாதிரி."

"மேல சொல்லு."

"மாத்திரை உள்ள போனா அந்தக் கூட்டம் ஒட்டாது. ஆனா முதலாளிக்கு எடுத்த டெஸ்ட்ல, மாத்திரையே சாப்பிடாத ஆள் மாதிரி ஒட்டுது. கேட்டா, சாப்பிடறார். சம்சாரம் கையால, எல்லார் கண் முன்னாடியும், தினம் காலைல. மாத்திரையோட தடயம் ரத்தத்துலயும் இருக்கு. ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போனவன் மாதிரி, ஆள் இருக்கான், வேலை நடக்கலை."

"ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்க?"

"பைபாஸுக்கு அப்புறம் சில பேருக்கு இந்த மாத்திரை சரியா பிடிக்காதாம். பலமான மருந்துக்கு மாத்தணும்கறாங்க. அதைக் குடுத்தா அவரோட பழைய வயித்துப் புண்ல ரத்தம் கொட்டலாம். குடுக்கலைன்னா நெஞ்சுல அடைப்பு வரலாம். இதுக்கு நடுவுல மூத்த தாரத்துப் பொண்ணு. சித்திதான் மாத்திரையை மாத்திட்டாங்கன்னு நம்மகிட்ட வந்திருக்கு. இன்னிக்கு சாயங்காலம் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. அங்கேர்ந்து நேரா போலீஸ்."

"ஆதாரம்?"

"சமையலறைக் குப்பைத் தொட்டி. மாத்திரை வாங்கின அன்னிக்கே அட்டை எல்லாம் காலியா கிடந்ததாம். ஒரு மாசத்து மாத்திரையை ஒரே நாள்ல பிச்சு எடுத்திருக்காங்க. எடுத்ததை எங்க வச்சாங்க, எதுக்கு எடுத்தாங்க? அதான் கேள்வி."

"ம்," என்று மேடம் காரை விட்டு இறங்கினார்.

கீழே லாண்டரி, மேலே வீடு. உள்ளே காலடி வைத்ததும் மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படர்ந்தது. ஒரு பக்கம் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து தொங்கிய கம்பிகளில் நம்பர் சீட்டு குத்திய கோட்டுகளும் சட்டைகளும் ஆடின. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. நடுவில் நீராவி இஸ்திரி மிஷினின் பெரிய மூடியை ஒரு பெண்மணி இழுத்து இறக்க, புஸ்ஸென்று ஆவி கிளம்பி அவரை மறைத்து, பிறகு மெல்ல விட்டது. முறுக்கேறிய கைகள், உச்சியில் அள்ளி முடிந்த கூந்தல். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு தகர டப்பா.

"நீங்கதான் அவ வச்ச ஆளுங்களா?" என்றார் முதலாளியம்மா, வேலையை நிறுத்தாமல்.

"மாத்திரையைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்," என்றார் மேடம்.

"கேளுங்க. நான் கொலைகாரின்னு முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருப்பீங்க."

"இன்னும் இல்லைங்க," என்றான் வால். "மத்தியானத்துக்கு மேலதான் முடிவு பண்ணுவோம்."

முதலாளியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது.

"மாத்திரையெல்லாம் எங்க?" என்று மேடம் கேட்டார்.

அவர் டப்பாவைத் தொட்டுக் காட்டினார். துணிகளுக்கு நம்பர் சீட்டு குத்துகிற ஊக்கு வைக்கும் டப்பா அது. மூடி லேசாக நெளிந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் அட்டையிலேர்ந்து பிச்சீங்க?"

"அட்டையோட இருந்தா மேல ரூம்ல இருக்கும். ரூம்ல இருந்தா, இவரைப் பாத்துக்க வச்சிருக்கற அந்த நர்ஸ் எடுத்துக் குடுப்பா." மிஷின் மூடி தடாலென்று இறங்கியது. "வெறுமனே குடுப்பாளா? தலையணையைத் தட்டிவிடுவா. நெத்தியைத் தொட்டுப் பாப்பா. 'அங்கிள், சமத்தா வாயைத் திறங்க'ம்பா. இவரும் ஆன்னு திறப்பாரு. கல்யாணம் ஆனதிலேர்ந்து என்கிட்ட ஒரு நாள் அப்படி வாயைத் திறந்ததில்லை. சண்டைக்குத்தான் திறப்பாரு."

"மகள் குடுக்கலாமே?"

"எந்த மகள்? நான் இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து வாசப்படி மிதிக்காத மகளா? ஆப்பரேஷன்னதும் ஓடி வந்துட்டா. 'அப்பாவுக்கு எது பிடிக்கும்னு எனக்குத்தான் தெரியும் சித்தி'ங்கறா. அப்போ நான் இத்தனை வருஷம் என்ன பண்ணினேன்? அவரோட சட்டையை மட்டும்தான் தேய்ச்சேனா? போகட்டும். மாத்திரை மட்டும் என் கையாலதான். தூங்கறப்பகூட இதைக் கழட்டறதில்லை."

"டப்பாவைக் கொஞ்சம் குடுங்க."

"மாட்டேன். கழுத்துல இருக்கறப்பவே பாத்துக்கோங்க."

மேடம் வேறு வழியில்லாமல் முதலாளியம்மாவின் கழுத்தருகே குனிந்தார். வாலும் எட்டிப் பார்த்தான். வெள்ளை மாத்திரைகள், வாயில் போட்டால் கரைகிற ரகம். ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை அச்சாக இருந்தது. போலி இல்லை, மாற்றும் இல்லை. டப்பாவின் அடியில் கொஞ்சம் மாவு உதிர்ந்திருந்தது.

மேடம் மூக்கை உறிஞ்சினார். "வினிகர் வாசனை வருதே?"

"லாண்டரில ஆயிரம் வாசனை வரும்," என்று முதலாளியம்மா டப்பாவை மூடினார். ஒரே ஒரு மாத்திரையை மட்டும், சொத்தில் பங்கு கேட்டவருக்குக் கொடுப்பதுபோல மனசில்லாமல், மேடத்தின் கைக்குட்டையில் போட்டார்.

மாடியில் யாரோ இளம்பெண் கலகலவென்று சிரிப்பது கேட்டது. கூடவே ஒரு கிழட்டுச் சிரிப்பு. முதலாளியம்மாவின் கை அப்படியே நின்றது. தேய்த்துக்கொண்டிருந்த கோட்டின் காலர் கருகும் வாசனை வந்த பிறகுதான் அவர் மூடியைத் தூக்கினார்.

வால் அவருக்காக வருத்தப்பட்டான். குற்றவாளி என்று சந்தேகிக்கப்படுகிறவருக்காக வருத்தப்படுவது இந்தத் தொழிலுக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்ற கை அவனுக்கு ரொம்பப் பழக்கமானதாகத் தோன்றியது.

பின்பக்கம் இஸ்திரிக்காரர் ஒரு பேண்ட்டை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி பிடித்துப் பிடித்து ஒரு தோள் இறங்கிப்போன மனிதர்.

"அண்ணே, கறை எடுக்க என்னென்ன போடுவீங்க?" என்று வால் பேச்சுக் கொடுத்தான்.

"சோடா, பவுடர், ஸ்பிரிட். கறையைப் பொறுத்து."

"வினிகர்?"

இஸ்திரிக்காரர் பதறிப்போய் மாடிப்படியைப் பார்த்தார். "மெதுவா பேசுங்க. வினிகர் இந்தக் கடை வாசல்லயே வரக்கூடாது. முன்ன ஒரு தடவை ஒரு கல்யாணக் கோட்டுக்குப் போட்டு, பித்தளைப் பொத்தானெல்லாம் பச்சை பிடிச்சுப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கடையையே உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. அன்னிலேர்ந்து முதலாளி தடை போட்டுட்டாரு. ஒரு சொட்டு கொண்டு வந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிடும். அந்த மூக்கு சாமானியமில்லை. சட்டையை மோந்து பாத்தே என்ன கறைன்னு சொல்லிடுவாரு. யார் வீட்டுச் சட்டைன்னும் சொல்லிடுவாரு."

"அப்போ இங்க வினிகரே இல்லை," என்றார் மேடம்.

"இல்லவே இல்லை. ஆனா பாருங்க, நீங்க இதைக் கேக்கற ரெண்டாவது ஆளு."

"முதல் ஆள் யாரு?"

"முதலாளியேதான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து கொஞ்ச நாள் இருக்கும். காலைல மேலேர்ந்து ஒரு கத்து கத்தினாரு, எவன்டா வினிகர் கொண்டு வந்ததுன்னு. அடிச்சுப் பிடிச்சு மேல ஓடினேன். அதுக்குள்ள 'விடு விடு, ஒண்ணுமில்லை'ன்னுட்டாரு. சிரிச்சாரு வேற. அவர் சிரிச்சே நான் பாத்ததில்லை."

"கோபக்காரரா?"

"சந்தேகக்காரர்." இஸ்திரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா எந்த கஸ்டமர்கிட்டயாவது ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா போதும், படியில வந்து நின்னுடுவாரு. ஏதோ கணக்குப் பாக்க வந்த மாதிரி. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. வேலை உண்டு, தான் உண்டுன்னு இருப்பாங்க."

"ம்ம்," என்றார் மேடம்.

நல்ல துப்பு என்று அர்த்தம். ஆனால் எது துப்பு என்று வாலுக்குப் புரியவில்லை. ஆறடிக்குப் புரிந்திருக்குமோ என்ற சந்தேகம் வேறு வந்தது.

ஆவியில் நின்றதால் மேடத்துக்கு இருமல் வந்தது. வால் மின்னலாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டான். இந்தக் கணத்துக்காகத்தான் அவன் தயாராக இருந்தான். போன வாரம் மேடம் இருமியபோது ஆறடி ஒரு அழகான டப்பாவைத் திறந்து புதினா மிட்டாயை நீட்டினான். வால் வழக்கமாக நீட்டுகிற தன்னுடைய புதினா மிட்டாயின் காகிதத்தைப் பிரிப்பதற்குள் அவன் கை முந்திக்கொண்டது. நல்லவேளையாக மேடத்துக்கு ஒரு போன் வந்து மானம் தப்பியது. அன்றிலிருந்து வால் காலையிலேயே எல்லா மிட்டாயையும் காகிதம் பிரித்து, சும்மா பையில் போட்டுக்கொண்டு வருகிறான்.

இப்போது அவன் எடுத்த கையில் வந்தது மிட்டாய் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிப்போன பிசுபிசுப்பான ஒரு கட்டி. அதில் சட்டைப் பையின் நீல நூல் வேறு முளைத்திருந்தது.

மேடம் அதையே பார்த்தார்.

"காலைல இது எப்படி இருந்துது?"

"கல்லு மாதிரி இருந்துது மேடம். இந்த ஆவி பண்ணின வேலை. வேற பாக்கெட்ல நல்லதா ஒண்ணு இருக்கான்னு பாக்கறேன்."

"ஏன் காகிதத்தோட வைக்கலை?"

வாலுக்குக் காது சூடானது. "கேட்ட உடனே குடுக்கணும்ல. நான் காகிதம் பிரிச்சிட்டிருக்கறப்ப வேற யாராவது நீட்டிட்டா?"

மேடம் அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு இஸ்திரி மிஷின் பக்கம் திரும்பி, ஆவிக்கு நடுவே கழுத்தில் ஆடுகிற டப்பாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ம்ம்ம்," என்றார்.

மூன்று ம். வாழ்க்கையில் முதல் தடவை. வால் அதை முழுசாக அனுபவிப்பதற்குள் மேடம் போனை எடுத்து ஆறடியைக் கூப்பிட்டு, உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார். அதோடு போயிற்று.

மாடி அறையில் முதலாளி சாய்வு நாற்காலியில் இருந்தார். சட்டைத் திறப்பில் நெஞ்சின் நடுவே புதுத் தழும்பு தெரிந்தது. நர்ஸ் அவருடைய தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பைத் தவிர வேறு குற்றம் அறியாத முகம். மகள் பெட்டியில் அப்பாவின் துணிகளை அடுக்கி முடித்திருந்தாள். முதலாளியம்மா கதவோரம் நின்றார். ஆறடி நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். இடித்தால் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்த வாலுக்கு ஏமாற்றம்தான்.

"மாத்திரையை யாரும் மாத்தலை," என்று மேடம் ஆரம்பித்தார்.

மகள் வெடித்தாள். "அப்போ ஏன் வேலை செய்யலை? அந்தக் காலி அட்டை?"

"மாத்திரை அட்டையை ஏன் இறுக்க ஒட்டி வச்சிருக்கான்? ஈரம் படக்கூடாதுன்னு. உங்க சித்தி அதைப் பிரிச்சு, மூடி சேராத டப்பாவுல போட்டு, கழுத்துல மாட்டிக்கிட்டு, நாள் முழுக்க நீராவிக்கு நடுவுல நிக்கறாங்க. மாத்திரையைக் கெடுத்தது ஆவி." கைக்குட்டையை விரித்து மேடம் அந்த ஒற்றை மாத்திரையை ஆறடியிடம் கொடுத்தார்.

ஆறடி மோந்து பார்த்தான். "ஆமா. ஆஸ்பிரின் ஈரத்துல ரெண்டா உடைஞ்சிடும். ஒரு பாதி, வினிகர்ல இருக்கற அதே புளிப்பு. அதான் இந்த வாசனை. இன்னொரு பாதியைத்தான் நான் இவர் ரத்தத்துல பாத்தேன். மாத்திரை சாப்பிட்ட அடையாளம் அது, ஆனா அதால தட்டணுக்களைத் தடுக்க முடியாது. உடையாம கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். பைபாஸ் ஆனவங்களுக்குப் புதுத் தட்டணுக்கள் வேகமா ஊறிட்டே இருக்கும், அந்த மிச்சம் அதுக்குப் பத்தலை."

முதலாளியம்மா சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"என் கையாலயா?" என்றார். "தினமும் என் கையாலயா?"

மகள் பெட்டியை மூடினாள். "தெரியாம பண்ணினாலும் பண்ணினதுதானே சித்தி. அப்பா, கிளம்புங்க. உங்களை இங்க விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

முதலாளியம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வாலைக் குத்தியது. கீழே கொதித்துக்கொண்டிருந்த மனுஷி, தண்டனையை வாங்கிக்கொள்ளத் தயாராக, பாவமாக உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் புருஷன் படியிறங்கிப் போய்விடுவார். திரும்பி வருவாரா என்பது அந்த மகளின் கையில்.

"ஒரு நிமிஷம்மா," என்று வால் குறுக்கே வந்தான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "இது அலட்சியம் இல்லை, பொறாமை. வேற ஒருத்தர் கை முந்திடுமோன்னு பயந்து, முன்னாடியே பிரிச்சுக் கையோட வச்சுக்கறது. வச்சிருக்கறது கெட்டுப்போகுதான்னு பாக்கத் தோணாது. நாமதான் குடுக்கணும், அது ஒண்ணுதான் மண்டைல ஓடும். எனக்கு இது நல்லாத் தெரியும்." ஆறடி பக்கம் அவன் பார்க்கவே இல்லை. "வேணும்னு பண்றவங்க அதைக் கழுத்துல கட்டிட்டுத் திரிய மாட்டாங்க."

மேடம் அவனை நிமிர்ந்து பார்த்தார். ம் என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு ஆறடியிடமிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக முதலாளியின் நாற்காலிக்குப் போய், மூக்குக்கு எதிரே நீட்டினார். "இது என்ன வாசனைங்க?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குச் சளி."

"அங்கிளுக்குச் சளியே இல்லையே," என்று நர்ஸ் வெகுளியாகச் சொன்னாள். "காலைலகூட என் கைக்குட்டையை மோந்து பாத்து என்ன சோப்புன்னு கரெக்டா சொன்னாரே."

தரையில் இருந்த முதலாளியம்மாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அந்த நிலையிலும் நிமிர்ந்தது.

"வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே வினிகர் வாசனைன்னு மேலேர்ந்து கத்தினீங்க," என்றார் மேடம். "அப்புறம் விடுன்னு சிரிச்சீங்க. ஏன்னா அதுக்குள்ள வாசனை எங்கேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. உங்க வாய்க்குள்ளேர்ந்து. மாத்திரை கெட்டுப்போச்சுன்னு இந்த வீட்டுல முதல்ல கண்டுபிடிச்சது நீங்க. தெரிஞ்சேதான் முழுங்கினீங்க."

"அப்பா!" என்றாள் மகள்.

முதலாளி தழும்பைத் தடவிக்கொண்டார். பேசியபோது குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான்தான் படியில போய் நின்னேன். இவ யார்கிட்டயாவது சிரிச்சா எனக்குச் சோறு இறங்காது. இவ எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தைத் தூக்கி வச்சதில்லை. நான் செத்தாலும் சட்டையைத் தேய்ச்சிட்டுத்தான் வருவான்னு நினைச்சிருந்தேன். இந்த நர்ஸ் பொண்ணு வந்ததும், இவ டப்பாவைக் கழுத்துல மாட்டிக்கிட்டா. மாத்திரை புளிக்குதுன்னு சொன்னா கழட்டிடுவாளே. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னு விட்டுட்டேன்."

"டெஸ்ட் ரிசல்ட் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே!" என்றாள் மகள்.

"அது வந்ததும் நீ என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு பெட்டியோட வந்து பக்கத்துல உக்காந்துட்டியேம்மா." அவர் மகளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போட்டீங்க. நெஞ்சு நல்லா இருந்த காலத்துல எனக்காக யாரும் சண்டை போட்டதில்லை."

மகளின் கையிலிருந்த பெட்டி தானாக நழுவிக் கட்டில் மேல் உட்கார்ந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று வாலுக்குத் தெரியவில்லை.

முதலாளியம்மா எழுந்தார். கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினார். டப்பாவைத் திறந்து ஜன்னலோரக் குப்பைக் கூடையில் கவிழ்த்து, பட்டென்று தட்டினார். நேராகக் கணவரிடம் போய் நின்றார். அடிக்கப்போகிறார் என்றே வால் நினைத்தான்.

"உயிரை வச்சா விளையாடுவீங்க?" என்றார். "முகம் தூக்கலையாம். காலைல கடை திறந்தா சாயங்காலம் வரைக்கும் ஆவியில நிக்கறேன், எவளைப் பாத்து எப்போ நான் முகம் தூக்கறது? வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

மேடம் போனில் சொல்லியிருந்தபடி வாங்கி வந்த புது மாத்திரை அட்டையை ஆறடி பையிலிருந்து எடுத்தான். வரும் வழியிலேயே இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டதாகவும், பலமான மருந்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, நல்ல மாத்திரையைக் கொடுத்து மறுபடி சோதிக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னான். அட்டையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கை நடுவில் நின்றது. மகள் சித்தியைப் பார்த்தாள். "நீங்களே வாங்கிக்கோங்க சித்தி," என்றாள் மெதுவாக.

முதலாளியம்மா அதை வாங்கி நர்ஸிடம் நீட்டினார். "இந்தாம்மா. நீ குடு. இந்த வேலையைப் படிச்சவ நீதானே."

நர்ஸ் சந்தோஷமாக மாத்திரையைப் பிரித்தாள். "அங்கிள், சமத்தா..."

"சமத்தெல்லாம் வேண்டாம். தண்ணியைக் குடுத்து முழுங்கச் சொல்லு."

முதலாளி வாயைத் திறக்காமல் மனைவியையே பார்த்தார்.

"இங்க என்ன பார்வை? வாயைத் திறங்க."

திறந்தார். மாத்திரை போயிற்று. முதலாளியம்மாவின் கை மட்டும் பழக்கத்தில் கழுத்துக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

ஆறடி முன்னால் இறங்கிப் போய்விட்டான். மேடமும் வாலும் படியில் மெதுவாக இறங்கினார்கள்.

"அவருக்குத் தெரியும்னு நீங்க எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? அந்த மூக்கை வச்சா?"

"மூக்கு பாதிதான். பிரியமா ஒருத்தர் நீட்டறப்போ, கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சும் ஒரு ஆள் வாயை மூடிட்டு முழுங்குவாரான்னு யோசிச்சேன். முழுங்குவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மேடம் உள்ளங்கையைத் திறந்தார். நீல நூல் முளைத்த அந்த மிட்டாய்த் துண்டு அங்கேயே இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"எனக்குப் புதினாவே ஆகாது, வால்."

வால் படியில் நின்றுவிட்டான். "எப்போலேர்ந்து?"

"நீ முதல் தடவை நீட்டினியே, அன்னிலேர்ந்து."

கீழே வாசலில் ஆறடி காத்திருந்தான். மேடம் இருமுவதைக் கேட்டதும் அழகாகச் சிரித்து, தன் டப்பாவைத் திறந்து நீட்டினான். "மேடம், புதினா மிட்டாய்?"

கன்னத்தில் வாலின் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு மேடம் சொன்னார்.

"வேண்டாம் டாக்டர். எனக்குப் பிடிக்காது."

வால் முன்னால் ஓடிப்போய் மேடத்துக்குக் கார்க் கதவைத் திறந்தான்.